பெட்டி வந்த கதை: எண்ணூர் ரோடும் சி.எஃப்.எஸ்.களும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பைக் ஓட்டிப் பழகியவனுக்கு உலகத்தில் வேறெந்த ரோட்டிலும் பயம் வராது. வலது பக்கம் கடல், இடது பக்கம் ட்ரெய்லர் லாரி, முன்னாடி ட்ரெய்லர் லாரி, பின்னாடியும் அதே :-) வெளியூர் நண்பர்கள் வந்தால் முதல் கேள்வியே "இவ்வளவு கன்டெய்னரும் எங்கய்யா போகுது?" என்பதுதான். ரொம்ப நாளாக எழுத நினைத்தது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதி படித்தது, பாதி எங்க சித்தப்பா சொன்னது. அவர் டேலி கிளார்க். பெட்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் எண்ணி, நோட்டில் கோடு போட்டு, உடைசல் இருந்தால் குறித்துக்கொள்ளும் வேலை. முப்பது வருஷம் அதே வேலை.

சரி, முதலில் கொஞ்சம் பழைய கதை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலா படகுகள்தான் போய் சரக்கை எடுத்து வரும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. 1861ல் ஒரு இரும்புப் பாலம் கட்டினார்கள். 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, முடியப்போகும் நேரத்தில் 1881ல் புயல் வந்து நாசம் செய்தது. 1904ல் வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே இருந்த வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றிய பிறகுதான் கப்பல்கள் நிம்மதியாக உள்ளே வந்து நின்றன. (ராமானுஜன் 1912ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இதே போர்ட் டிரஸ்டில்தான்.)

அப்போதெல்லாம் சரக்கு என்றால் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி. கப்பலிலிருந்து ஷெட்டுக்கு, ஷெட்டிலிருந்து வண்டிக்கு என்று எல்லாமே ஆள் முதுகில் ஏறித்தான் போகும். கப்பல் கடலில் ஓடின நாளைவிடத் துறைமுகத்தில் நின்ற நாள் அதிகம் என்கிற நிலைமை உலகம் முழுக்க இருந்தது.

இதை மாற்றியது ஒரு லாரி முதலாளி. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர். லாரியில் இருப்பதை இறக்கி ஏற்றுவதற்குப் பதிலாக, லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. ஒரு டன் சரக்கை ஏற்ற 5 டாலர் 86 சென்ட் ஆன இடத்தில் 16 சென்ட்தான் ஆனதாம். அப்புறம் உலகம் சும்மா இருக்குமா?

இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர்கள் வந்தது 1973ல், கொச்சிக்கு. 1981ல் பெங்களூரில் முதல் உள்நாட்டு டிப்போ. 1983ல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம். சித்தப்பா வேலைக்குச் சேர்ந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். "கிரேன் ஒரே தூக்குல தூக்கிடுச்சு தம்பி. அம்பது ஆளு வேலை. பாத்துக்கினே நின்னோம்" என்பார்.

இங்கேதான் சிக்கல். பெட்டியைச் சீக்கிரம் இறக்கிவிடலாம். ஆனால் எங்கே வைத்துத் திறப்பது? துறைமுகத்துக்கு முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் ஜார்ஜ் டவுன். நகரக்கூட இடமில்லை. அதனால் 'திறந்து பார்க்கிற' வேலையை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அப்படி வந்ததுதான் கன்டெய்னர் ஃப்ரெய்ட் ஸ்டேஷன், சுருக்கமாக சி.எஃப்.எஸ். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மாதவரம், மணலி என்று வரிசையாக முளைத்தன. மத்தியக் கிடங்குக் கழகம், பால்மர் லாரி மாதிரி அரசு நிறுவனங்களும் உண்டு, தனியாரும் நிறைய உண்டு.

சட்டப்படி பார்த்தால் சி.எஃப்.எஸ். என்பது துறைமுகத்தின் நீட்சி. காம்பவுண்டு சுவர் மணலியில் இருந்தாலும் உள்ளே இருப்பது சுங்கப் பகுதி. 1962ஆம் வருஷச் சுங்கச் சட்டத்தில் 45ஆவது பிரிவு இருக்கிறது. இறக்குமதிச் சரக்கு காப்பாளரின் பொறுப்பு. அவர் காவலில் இருக்கும்போது திருடு போனால் தீர்வையை அவரேதான் கட்டணும். 2009ல் இதற்கென்று தனி விதிமுறைகளும் வந்தன.

உள்ளே என்ன நடக்கிறது?

இறக்குமதியை எடுத்துக்கொள்வோம். கப்பல் வருவதற்கு முன்பே அதில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை கப்பல் கம்பெனி சுங்கத்துக்குக் கொடுத்துவிடணும். பெட்டி இறங்கி, சீலோடு லாரியில் சி.எஃப்.எஸ்.ஸுக்கு வரும். கேட்டில் நம்பர், சீல், நசுங்கல், ஓட்டை எல்லாம் பார்த்து எழுதுவார்கள். சரக்குக்காரர் சார்பில் சுங்கத் தரகர் 'பில் ஆஃப் என்ட்ரி' போடுவார். எதைத் திறக்கணும், எதை அப்படியே விடலாம் என்று பெரும்பாலும் கம்ப்யூட்டரே ஆபத்தை எடைபோட்டுச் சொல்லிவிடும். திறக்கணும் என்றால் அதிகாரி முன்னிலையில் சீல் உடையும். தீர்வை கட்டி, அதிகாரி 'அவுட் ஆஃப் சார்ஜ்' கொடுத்து, கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டரும் கையில் இருந்தால்தான் கேட் பாஸ். இதில் ஒன்று குறைந்தாலும் லாரி நகராது. வாடகை மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும் :-)

ஒரு பெட்டி முழுக்க ஒருத்தர் சரக்கு என்றால் எஃப்.சி.எல். பத்துப் பேர் சரக்கு ஒரே பெட்டியில் வந்தால் எல்.சி.எல். இரண்டாவதுதான் சி.எஃப்.எஸ்.ஸின் உண்மையான வேலை. பெட்டியைப் பிரித்து, கிடங்கில் ஆளாளுக்குத் தனித்தனியாக அடுக்கி, எண்ணி... சித்தப்பாவின் கோடுகள் எல்லாம் அங்கே போட்டவைதான்.

ஏற்றுமதி இதற்குத் தலைகீழ். சரக்கு லாரியில் வரும், 'ஷிப்பிங் பில்' போடுவார்கள், அதிகாரி பார்த்து 'லெட் எக்ஸ்போர்ட்' கொடுப்பார், பிறகு பெட்டிக்குள் அடுக்கி, கடலில் ஆடாமல் கட்டி, சீல் வைப்பார்கள். 2016 ஜூலையிலிருந்து பெட்டியின் மொத்த எடையையும் சரிபார்த்துச் சொல்லணும். பொய் எடை போட்ட பெட்டி மேலே இருந்தால் கப்பலுக்கே ஆபத்து.

எல்லாம் முடிந்து துறைமுகத்துக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் நம்ம ரோடு வருகிறது. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். கொரியாவிலிருந்து வருகிற நேரத்தைக் கேட்டால் சொல்லிவிடலாம், மணலியிலிருந்து துறைமுக கேட்டுக்கு எப்போது போகும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாத காலம் இருந்தது. லாரி வரிசை ராத்திரி பகல் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் சமைத்து, ரோட்டோரமே தூங்கி... அந்த ரோட்டை அகலப்படுத்தும் திட்டம் வருஷக்கணக்கில் இழுத்தது. அதற்கு நடுவே 2001ல் எண்ணூரில் நிலக்கரிக்காகத் துறைமுகம் (2014லிருந்து காமராஜர் துறைமுகம்), 2013ல் காட்டுப்பள்ளி என்று வந்து, பிறகு இரண்டு இடத்திலும் பெட்டி இறங்க ஆரம்பித்தது. இப்போது லாரிகள் வடக்கேயும் ஓடுகின்றன.

இவ்வளவும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 4. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு கப்பலிலிருந்து இறக்கி, வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்த சரக்கு. டிவியில் பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லி முடிக்கவில்லை. அடுத்த இரண்டாம் நாள் செய்தி வருகிறது: அதே சரக்கு சுமார் 700 டன் நம்ம மணலியில் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் 2015லிருந்து கிடக்கிறது என்று!

37 கன்டெய்னர்கள். உரத்துக்கான தரம் என்று சொல்லி வந்தது, வெடிமருந்துத் தரம் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வழக்கு நடந்தது. மொத்தம் 740 டன்னில் கொஞ்சம் 2015 வெள்ளத்தில் வீணாகி, மீதி 697 டன் அப்படியே இருந்தது. பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று சுங்கத்துறை சொன்னது. ஆனாலும் மூன்று நாலு நாளில் ஏலம் முடித்து, அந்த மாதமே ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

சித்தி வீடு மணலி புதுநகரில். போன் செய்தேன். சித்தி பயத்தில் இருந்தார். சித்தப்பா போனை வாங்கி, "அஞ்சு வருஷமா அது பக்கத்துலதான் தூங்கினோம். இன்னிக்கு ராத்திரிதான் தூக்கம் வரல" என்றார். அவர் வேலை பார்த்த இடம் அது இல்லை. ஆனாலும் அவர் குரலில் ஏதோ தன் தப்பு மாதிரி ஒரு தயக்கம்.

சுங்கச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, 30 நாளில் எடுக்காத சரக்கை விற்றுவிடலாம் என்கிறது. பறிமுதல், வழக்கு என்று ஆகிவிட்டால் அந்த முப்பது நாள் ஐந்து வருஷமாகிவிடுகிறது. பெட்டி என்பதன் பலமே அது மூடியிருப்பதுதான். வேகமும் அதனால்தான், மலிவும் அதனால்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கப்பல்காரருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியும். சுவருக்கு வெளியே வாழ்கிறவனுக்கு மட்டும் தெரியாது. பெய்ரூட் வெடித்திருக்காவிட்டால் நமக்கு இன்றைக்கும் தெரிந்திருக்காது.

இப்போதெல்லாம் நம்பகமான இறக்குமதியாளர்கள் துறைமுகத்திலிருந்தே நேராகப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். சி.எஃப்.எஸ்.களுக்கு வேலை குறைகிறது என்று புலம்பல் கேட்கிறது. கோடு போட்டு எண்ணும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

போன மாதம் சித்தப்பாவை பைக்கில் உட்காரவைத்து அதே ரோட்டில் போனேன். எர்ணாவூர் பக்கம் டிராபிக்கில் நின்றபோது பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி. "உள்ள என்னவா இருக்கும் சித்தப்பா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். கதவில் ஆபத்துச் சரக்கு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இல்லை.

"பேப்பர்ல என்ன எழுதியிருக்கானோ அது இருக்கும். இருக்கணும்" என்றார்.

லாரி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.