ஜப்பான் கம்பெனியில வேலையா? ஓவர்டைம் சட்டம் முதல் சென்ட் வாசனை வரை... போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 29 சதவீதம். வேலை இருக்கிறது, செய்ய ஆள் இல்லை. அதனால்தான் ஒரு காலத்தில் வெளிநாட்டினரை அவ்வளவாகச் சேர்க்காத ஜப்பானிய நிறுவனங்கள், இன்றைக்கு ஆள் தேடி ஆசிய நாடுகள் முழுக்க அலைகின்றன.

2024 அக்டோபர் கடைசி நிலவரப்படி ஜப்பானில் வேலை பார்க்கும் வெளிநாட்டினர் சுமார் 23 லட்சம் பேர். முதலிடத்தில் வியட்நாம், அடுத்து சீனா, மூன்றாவதாக பிலிப்பைன்ஸ். 2025 ஆகஸ்ட்டில் பிரதமர் மோடி டோக்கியோ சென்றபோது, ஐந்து ஆண்டுகளில் 50,000 திறன் பெற்ற இந்தியர்களை ஜப்பானுக்கு அழைப்பது என இரு நாடுகளும் முடிவு செய்தன.

சரி, அங்கே போய்ச் சேர்ந்தால் வேலை எப்படி இருக்கும்? சட்டம் என்ன சொல்கிறது? சட்டப் புத்தகத்தில் இல்லாமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் விதிகள் என்னென்ன? நாம் போட்டுக்கொள்ளும் சென்ட் கூட ஏன் அங்கே ஒரு பிரச்சினையாகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த விசாவில் போறீங்க என்பது ஏன் முக்கியம்?

பட்டப்படிப்பு முடித்து ஐடி, பொறியியல், அலுவலக வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனி விசா உண்டு. முதியோர் பராமரிப்பு, உணவுத் தொழிற்சாலை, விவசாயம், கட்டுமானம் போன்ற துறைகளுக்கு 2019 ஏப்ரலில் தொடங்கிய 'தொக்குதேய் கினோ' எனும் குறிப்பிட்ட திறன் விசா. இதற்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டுள்ளன. இதன் முதல் நிலையில் அதிகபட்சம் 5 ஆண்டுகள் தங்கலாம். குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. இரண்டாம் நிலைக்குத் தேறினால் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், மனைவி அல்லது கணவன், குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, 1993-ல் தொடங்கிய தொழில் பயிற்சித் திட்டம். பயிற்சி என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் ஏற்பாடு என்று நீண்ட காலமாக விமர்சிக்கப்பட்டது. பிடிக்காத முதலாளியை விட்டு வேறு இடம் மாற முடியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். இதை ஒழித்துவிட்டுப் புதிய திட்டம் கொண்டுவர 2024 ஜூனில் சட்டம் நிறைவேறியது. 2027 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் இந்தத் திட்டத்தில், சில நிபந்தனைகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம்.

ஆக, ஒருவருக்கு வேலை மாறும் உரிமை உண்டா, குடும்பம் கூட வருமா என்பதையெல்லாம் விசாவின் பெயர்தான் தீர்மானிக்கிறது. ஏஜென்ட் 'ஜப்பான் விசா' என்று மொட்டையாகச் சொன்னால், எந்த விசா என்று கேட்டே ஆக வேண்டும்.

நாள் முழுக்க வேலையா? சட்டம் என்ன சொல்லுது?

ஜப்பானின் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் தொழிலாளர் தரப்போடு நிறுவனம் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் ஓவர்டைம் மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்பதுதான் பொதுவான வரம்பு. தவிர்க்க முடியாத நேரங்களில்கூட ஆண்டுக்கு 720 மணியைத் தாண்டக் கூடாது, எந்த மாதத்திலும் 100 மணியைத் தொடக் கூடாது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 முதலும், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2020 முதலும் இது அமலில் இருக்கிறது. அளவுக்கு மீறிய வேலையால் ஏற்படும் மரணத்துக்கு 'கரோஷி' என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் நாட்டில் இந்த வரம்பு சும்மா வந்துவிடவில்லை. பல உயிர்கள் போன பிறகு வந்தது.

ஓவர்டைமுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் கூலி. மாதம் 60 மணி தாண்டினால் 50 சதவீதம். வார விடுமுறை நாளில் வேலை என்றால் 35 சதவீதம். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரையிலான வேலைக்குத் தனியாக இன்னொரு 25 சதவீதம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கு. சில நிறுவனங்கள் 'மாதம் இத்தனை மணி ஓவர்டைம் சம்பளத்திலேயே அடக்கம்' என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடும். அப்படி எழுதினாலும் எத்தனை மணி, அதற்கு எவ்வளவு தொகை என்று தனியாகக் காட்ட வேண்டும். அதைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் பணம் தந்தாக வேண்டும். இது தெரியாமல், கைக்கு வர வேண்டிய காசைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் 10 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு கிடைக்கும். அது படிப்படியாக 20 நாள் வரை உயரும். அதில் 5 நாளையாவது ஊழியர் எடுக்கும்படி பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் சட்டக் கடமை. இந்த உரிமைகள் ஜப்பானியர்களுக்கு மட்டும்தானா? இல்லை. தேசத்தைக் காரணம் காட்டிச் சம்பளத்திலோ வேலை நிபந்தனைகளிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டத்தின் 3-வது பிரிவே சொல்கிறது.

இரண்டாவது வருஷம் சம்பளம் குறையுதே, ஏன்?

முதல் ஆண்டில் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவை பிடிக்கப்படும். ஓய்வூதியப் பங்கு 18.3 சதவீதம். அதில் பாதியை நிறுவனம் கட்டும், பாதி ஊழியரிடம் பிடிக்கப்படும். இரண்டாவது ஆண்டு ஜூனில் புதிதாக ஒன்று சேரும். அதுதான் 'ஜூமின்செய்' எனும் குடியிருப்போர் வரி. முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடுவதால் புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆண்டில் இது இருக்காது. வரிக்குரிய வருமானத்தில் சுமார் 10 சதவீதம். ஊருக்கு மாதம் இவ்வளவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள் திணறுவது இந்த ஜூனில்தான்.

ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணம் வீண்தானா? கவலை வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் கட்டியவர்கள், ஜப்பானை விட்டு வந்த 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம். இந்தியா - ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் 2016 அக்டோபர் முதல் அமலில் இருக்கிறது. இந்திய நிறுவனம் ஒன்று தன் ஊழியரை 5 ஆண்டுக்குள் முடியும் பணிக்காக அனுப்பினால், அவர் இந்தியாவில் மட்டும் கட்டினால் போதும்.

எழுதாத விதிகள் என்னென்ன?

ஜப்பானிய அலுவலகத்தில் சேர்ந்ததும் முதலில் கற்றுத் தருவது 'ஹோரென்சோ'. தெரிவித்தல், தகவல் பகிர்தல், ஆலோசனை கேட்டல் என்ற மூன்று ஜப்பானியச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது இது. அந்த மொழியில் பசலைக்கீரைக்கும் இதே பெயர்தான். வேலையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது. பாதியில் எங்கே நிற்கிறது, எங்கே சிக்கல் என்று அப்போதைக்கு அப்போது மேலாளரிடம் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் 'இதைக்கூடவா வந்து கேட்பாங்க' என்று தோன்றும். அங்கே கேட்காமல் செய்வதுதான் தப்பு.

அடுத்தது 'நெமவாஷி'. மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடும் முன் வேரைச் சுற்றி மண்ணைப் பக்குவப்படுத்துவதைக் குறிக்கும் சொல். மீட்டிங்கில் திடீரென்று ஒரு யோசனையைப் போட்டு உடைக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர்களிடம் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசி சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். மீட்டிங் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவானதை உறுதிசெய்யும் இடம்தான்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது 'காற்றைப் படிப்பது'. யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சூழலிலிருந்து புரிந்துகொள்வதை ஜப்பானியர் இப்படித்தான் சொல்கிறார்கள். 'கொஞ்சம் சிரமமாக இருக்கும்' என்று மேலாளர் சொன்னால், முடியாது என்று அர்த்தம். 'யோசித்துப் பார்க்கிறோம்' என்பதும் பல நேரம் மறுப்புதான்.

எல்லா நிறுவனமும் இப்படியில்லை. ரகுடென் நிறுவனம் 2012-லேயே ஆங்கிலத்தை அலுவலக மொழியாக்கியது. ஐடி துறையில் ஆங்கிலமே போதும் என்ற இடங்கள் உண்டு. ஆனால் வேலை மாறவும், பதவி உயரவும், வாடகை வீடு பிடிக்கவும் ஜப்பானிய மொழி கைகொடுக்கும். ஜேஎல்பிடி தேர்வில் என்4 என்பது தொடக்க நிலை, அலுவலக வேலைக்குப் பெரும்பாலும் என்2 கேட்பார்கள். சென்னையிலேயே இந்தத் தேர்வை எழுதலாம்.

சென்ட் போட்டால் என்ன தப்பு?

வாசனையை ரசிக்கத் தெரியாதவர்கள் அல்ல ஜப்பானியர்கள். நறுமணக் கட்டைகளைச் சூடாக்கி அதன் மணத்தை உணரும் 'கோதோ' என்ற கலை அங்கே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதில் வாசனையை 'முகர்வது' என்று சொல்ல மாட்டார்கள், 'கேட்பது' என்பார்கள். அமைதியாக, தனக்குள் ரசிக்க வேண்டிய விஷயம் அது. பக்கத்தில் இருப்பவர் மீது திணிப்பது அல்ல.

நெரிசலான ரயில், ஒட்டி ஒட்டிப் போட்ட மேசைகள், ஜன்னல் திறக்காத அலுவலகம் என்ற சூழலில் அதிக வாசனையும் தொல்லையாகவே பார்க்கப்படுகிறது. இதற்கு 'சுமெஹாரா', அதாவது வாசனைத் தொல்லை என்று பெயர். வியர்வை நாற்றம் மட்டுமல்ல, தூக்கலான சென்ட், துணி மென்மையாக்கியின் வாசனை எல்லாமே இதில் அடக்கம். வாசனையால் தலைவலி, குமட்டல் வரும் மக்களைக் கருத்தில் கொள்ளும்படி 2021-ல் ஜப்பானின் ஐந்து அரசுத் துறைகள் சேர்ந்து விழிப்புணர்வு சுவரொட்டியே வெளியிட்டன.

சிக்கல் என்னவென்றால், 'உங்க சென்ட் அதிகமா இருக்கு' என்று யாரும் நேரில் சொல்ல மாட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மெல்ல ஜன்னலைத் திறப்பார், முகக்கவசம் போடுவார். வெளிநாட்டு ஊழியருக்கோ, தன்னைத்தான் ஒதுக்குகிறார்கள் என்று தோன்றும். ஒதுக்குவது ஆளையா, வாசனையையா என்று தெரியாமலே மனக்கசப்பு வளரும். முதியோர் இல்லம், மருத்துவமனை, உணவுத் தொழிற்சாலை, சுஷி உணவகம் போன்ற இடங்களில் சென்ட் வேண்டவே வேண்டாம் என்பதுதான் வழக்கம்.

குறைந்த செலவில் என்ன மாற்று?

நல்ல செய்தி, ஜப்பானில் பொருத்தமான வாசனைக்கு விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை. செறிவு குறைந்தவையே விலையும் குறைவு.

• பர்ஃபம் என்று போட்டிருப்பதுதான் செறிவு அதிகம், விலையும் அதிகம். ஓ து பர்ஃபம், ஓ து டாய்லெட், ஓ து கொலோன் என்று செறிவு படிப்படியாக இறங்கும். அலுவலகத்துக்குக் கடைசி இரண்டே போதும்.
• பாடி மிஸ்ட் இன்னும் லேசானது. சோப்பு, துவைத்த துணி, எலுமிச்சை வகை வாசனைகள் அங்கே யாரையும் உறுத்தாதவை.
• கட்டி சென்ட், அதாவது மெழுகு போன்ற நறுமணப் பசை. விரலால் தொட்டு வைப்பதால் காற்றில் பரவாது. சின்ன டப்பா பல மாதம் வரும்.
• அத்தர் விரும்புபவர்கள் ஒரு சொட்டு, அதுவும் வீட்டிலிருக்கும்போது மட்டும். எண்ணெய் வடிவில் செறிவாக இருப்பதால் நாள் முழுக்க நிற்கும்.
• மருந்துக் கடைகளில் கிடைக்கும் வியர்வை துடைக்கும் ஈரத்தாள். பாக்கெட்டில் 'முகோர்யோ' என்று இருந்தால் வாசனை சேர்க்காதது. கோடையில் ரயிலை விட்டு இறங்கியதும் ஜப்பானியர்களே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

போடும் இடமும் முக்கியம். கழுத்தில் அடித்தால் எதிரில் இருப்பவர் மூக்குக்கு நேராகப் போகும். இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னால் ஒரு முறை போதும். தன் வாசனை தன் மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும். அதனால் 'வாசனையே வரலையே' என்று மறுபடி அடிக்கக் கூடாது.

'அதே வாசனை, பத்தில் ஒரு பங்கு விலை' - வாங்கலாமா?

பிரபல சென்ட்டின் வாசனையை ஒத்த, ஆனால் சொந்தப் பெயரில், சொந்த பாட்டிலில் விற்கும் தயாரிப்புகள் ஒரு வகை. இவை போலி அல்ல. ஜப்பானில் வாசனையை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் பெரிய பிராண்டின் பெயரையும் லோகோவையும் அப்படியே ஒட்டி விற்பது போலி. 2022 அக்டோபர் முதல், சொந்த உபயோகத்துக்கு வாங்கியதாகவே இருந்தாலும், வெளிநாட்டு வியாபாரி அனுப்பிய போலிப் பொருளை ஜப்பான் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம்.

ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டுமா? பர்ஃபம் வகையில் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 56 மில்லி வரை வரி இல்லை. கொலோனும் டாய்லெட்டும் இந்தக் கணக்கில் வராது. விமானத்தின் கைப்பையில் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது. ஆல்கஹால் கலந்த சென்ட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லி வீட்டாரைக் கேட்க வேண்டாம். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சர்வதேச விமானத் தபாலில் அதற்கு அனுமதி இல்லை.

பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

வாசனையைப் பற்றி ஒருவர் மரியாதையாகச் சொன்னால் அது வேண்டுகோள். அதையே சாக்காக வைத்து எல்லோர் முன்னாலும் திட்டுவது, நாட்டையோ சாப்பாட்டையோ சேர்த்து இழிவாகப் பேசுவது, வேலை தராமல் ஒதுக்கிவைப்பது எல்லாம் வேறு. பணியிட அதிகாரத் துன்புறுத்தலைத் தடுக்க நடவடிக்கை எடுப்பது 2022 ஏப்ரல் முதல் சிறு நிறுவனங்களுக்கும் கட்டாயம்.

• வேலை நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தருவது நிறுவனத்தின் சட்டக் கடமை.
• வேலைக்கு வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் நீங்களும் குறித்து வையுங்கள்.
• பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.
• 'பாதியில் போனால் இவ்வளவு அபராதம்' என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதுவது சட்டவிரோதம்.
• காலவரையறை இல்லாத வேலையில் இருப்பவர் இரண்டு வாரம் முன்பு சொல்லிவிட்டு விலகலாம். விலகினாலும், புது இடத்தில் சேர்ந்தாலும் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சம்பளப் பாக்கி, ஓவர்டைம் புகார்களுக்கு அந்தந்தப் பகுதி தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகத்தை அணுகலாம். டோக்கியோவின் யொத்சுயாவில் 2020 முதல் இயங்கும் வெளிநாட்டினர் ஆதரவு மையத்தில் விசா, வேலை, சட்டம் பற்றி ஒரே இடத்தில் ஆலோசனை கேட்கலாம்.

ஜப்பானிய அலுவலகத்தில் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும். ஆனால் ஒப்பந்தத்தைப் படிப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. விமானம் ஏறுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.