சஞ்சிக் கூலி முதல் கொந்தராத்து வரை

வரலாறு என்றதும் மன்னர்களையும் போர்களையும் நினைக்கும் மாணவர் பலர். உழைப்பவன் எம்முறையில் வேலைக்கு அமர்த்தப்பட்டான், எம்முறையில் விலக்கப்பட்டான் என்பதும் வரலாறே. தற்காலிக வேலை, ஒப்பந்த வேலை ஆகியவற்றைப் புதிதாய் முளைத்த சிக்கல்களைப் போல் இன்று பலரும் பேசுகின்றனர். மலாயா மண்ணில் தமிழனுக்கு அவை புதியன அல்ல. அவன் இந்நாட்டிற்கு வந்ததே ஓர் ஒப்பந்தத்தின் பேரில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு, செபராங் பிறை வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரைச் 'சஞ்சிக் கூலிகள்' என்றழைத்தனர். வாக்குறுதி எனப் பொருள்படும் 'ஜஞ்சி' என்னும் மலாய்ச் சொல்லே நம்மவர் நாவில் சஞ்சியாயிற்று. கப்பற் கட்டணமும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டுக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. பெயரில் வாக்குறுதி இருந்தது. ஆனால் வாக்கு மீறினால் தண்டனை பெற்றவன் பெரும்பாலும் கூலியே. இந்திய அரசின் கண்டனமும் பொதுமக்கள் எதிர்ப்பும் வலுக்கவே, 1910ஆம் ஆண்டில் இம்முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

அதற்குள் இரப்பர் யுகம் பிறந்துவிட்டது. ஆள் தேவை பெருகியது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடமுள்ள தொழிலாளரின் கணக்குப்படி அதற்கு வரி செலுத்தினர். அந்நிதியே பயணச் செலவை ஏற்றது. கங்காணி உரிமச் சீட்டுடன் தன் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரை அழைத்து வந்தான். சட்டப்படி இவர்கள் சுதந்திரத் தொழிலாளர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஆயினும், தன்கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆகவே ஆளைப் பிடித்து வைப்பதில் அவனுக்கு ஆதாயம் இருந்தது. தொழிலாளிக்கும் துரைக்கும் இடையில் ஓர் இடையாள் நின்றான் என்பதை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும்.

அச்சுதந்திரத்தின் மறுபக்கம் உலகப் பொருளாதார மந்தத்தின்போது வெளிப்பட்டது. இரப்பர் விலை வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியபோது மீண்டும் ஆள் அழைக்கப்பட்டனர். தொழிலாளி எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றால், அவனை எப்போது வேண்டுமானாலும் விலக்கலாம் என்பதும் அதன் பொருள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவியுடனான குடிப்பெயர்வைத் தடைசெய்ததோடு கங்காணி முறை ஓய்ந்தது.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955ஆம் ஆண்டில் வேலைச் சட்டம் வந்தது. 'செக்ரோல்' எனும் வேலைப்பதிவில் பெயர் உள்ளவன் என்பது ஒரு தகுதியாயிற்று. பின்னர் 1980ஆம் ஆண்டு விதிகள், வேலை இழப்போருக்கு இழப்பீடு வகுத்தன. ஓராண்டு தொடர்ந்து பணி செய்திருக்க வேண்டும். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு ஆண்டுக்கு இருபது நாள் கூலி. தொடர்ச்சியான பணி என்னும் அச்சொற்களில்தான் ஓர் ஏழைக் குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருந்தது.

ஆனால் செக்ரோலுக்கு வெளியே வேறொரு கூட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன் விளைவாக ஏறக்குறைய அறுபதாயிரம் இந்தியர் நாடு திரும்பினர் என்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வெளிக்காட்டு வேலைகள் கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டின் மேடான் ஒப்பந்தத்திற்குப் பின் இந்தோனேசியத் தொழிலாளரும் முறைப்படி வரலாயினர். கங்காணி போன இடத்தில் கொந்தராத்துக்காரர் வந்தமர்ந்தார்.

யான் இடைநிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் எங்கள் தோட்டம் கைமாறியது. என் தாயார் செக்ரோலில் பால்மரம் வெட்டியவர். என் அத்தை அதே மரங்களின் அடியில் பதினோராண்டு புல் வெட்டி, மருந்து தெளித்தவர், ஆனால் கொந்தராத்தில். இழப்பீடு வழங்கிய நாளில் அம்மாவின் பெயரைக் கிராணி வாசித்தார். அத்தையும் வரிசையில் நின்றிருந்தார். அவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. "பதினோரு வருசம் நான் எங்கே இருந்தேன்னு கேளுய்யா," என்று என்னிடம் சொன்னார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லுமுன் ஈராண்டு தற்காலிக ஆசிரியனாக இருந்து, ஆண்டிறுதி விடுமுறைதோறும் சம்பளமின்றிக் கழித்தபோதே அக்கேள்வியின் கனத்தை ஓரளவு உணர்ந்தேன்.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. கொந்தராத்துக்காரர் கூலி கொடாது விட்டால், வேலையை ஒப்படைத்தவரும் மூன்று மாதக் கூலி வரை பொறுப்பாவார் என வேலைச் சட்டம் கூறுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தொழிலாளரை வழங்கும் கொந்தராத்துக்காரர் என்போருக்கு வரையறை தந்து, அவர்கள் பதிந்துகொள்ளவேண்டும் என்றது. இடையாளுக்கு இது அங்கீகாரமாகிவிடும் எனத் தொழிற்சங்கத்தினர் எதிர்த்தனர். ஒப்பந்த வேலை தோட்டத்தோடு நிற்கவுமில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் அரசு மருத்துவமனைகளிற் சேர்ந்த இளம் மருத்துவர்கள் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். 2021 ஜூலை 26ஆம் நாள் அவர்களுட் பலர் வெளிநடப்புச் செய்தனர். செயலி வழி உணவு கொண்டு செல்வோரையும் வண்டியோட்டுவோரையும் காக்க 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது.

நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தையின் தொழில் என்றொரு பத்தி உண்டு. பழைய ஏடுகளில் பக்கம் பக்கமாகத் 'தோட்டத் தொழிலாளி' என்றே இருக்கும். அடுத்து வந்த ஏடுகளில் 'கொந்தராத்து வேலை' தலைகாட்டுகிறது. அண்மைய ஏடுகளில் 'சொந்த வேலை' என்று எழுதுகின்றனர். கேட்டால் மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டு செல்வதாகச் சொல்வர். வேலையுலகின் போக்கைக் கண்டறிய இதனினும் அணுக்கமான சான்று வேறெங்கே கிடைக்கும்?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பாடத்தை நடத்துங்கால் ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்விக்க வேண்டா. உங்கள் பாட்டன் பாட்டியர் யாரிடம் கூலி வாங்கினர், அவர்தம் பெயர் எந்தப் பதிவில் இருந்தது, வேலை நின்றபோது யார் பொறுப்பேற்றார் என்று மாணவரைக் கேட்டுவரச் செய்யுங்கள். சஞ்சி, கங்காணி, கொந்தராத்து, செயலி எனப் பெயர்கள் மாறினும் இம்மூன்று வினாக்களே அவற்றின் தன்மையைக் காட்டும். நாளை அம்மாணவரும் ஏதேனும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவர். அன்று இவ்வினாக்களை அவர்கள் கேட்பார்களாயின், என் அத்தையைப் போல் வரிசையில் நின்ற பிறகு கேட்க நேராது.