கடலா தடுத்தது?

வழிச்செலவுக்குப் பணம் திரட்டியாயிற்று. தாயின் இசைவும் பெற்றாயிற்று. புறப்பட வேண்டியதுதான் பாக்கி. அந்த வேளையில் பம்பாயில் கூடிற்று சாதிக் கூட்டம்! பதினெட்டு வயது மாணவனை நடுவே நிறுத்திற்று. கடல் கடப்பது மதத்துக்கு ஒவ்வாது, போகாதே என்றது. போயே தீருவேன் என்றான் இளைஞன். அவனைச் சாதியிலிருந்து விலக்கியதோடு அமையவில்லை அந்தக் கூட்டம். அவனுக்கு உதவுவோரும், வழியனுப்பத் துறைமுகம் செல்வோரும் ஒரு ரூபாய் நாலணா தண்டம் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்புரைத்தது. ஆண்டு 1888. இளைஞனின் பெயர் மோகன்தாஸ் காந்தி.

செப்டம்பர் 4ஆம் நாள் அவர் கப்பலேறினார். பாரிஸ்டர் பட்டத்துடன் 1891இல் திரும்பினார். திரும்பியவரை அண்ணன் எங்கே அழைத்துச் சென்றார்? நாசிக்கிற்கு, ஆற்றில் முழுகிக் கறை போக்க! பின்னர் ராஜ்கோட்டில் சாதியாருக்கு விருந்து! கற்று வந்தவனுக்கு நாடு தந்த முதல் வரவேற்பு, கழுவாய்!

கடலா தடுத்தது, தோழர்களே? கடலுக்குச் சாதி ஏது? தடுத்தது ஏடு. சாதியினின்று வீழ்த்தும் குற்றங்களை வரிசைப்படுத்தும் பௌதாயன தர்மசூத்திரம், அவ்வரிசையில் கடற்பயணத்தையும் வைத்திருக்கிறது. புகாரிலும் கொற்கையிலும் கலம் விட்ட தமிழகத்துக்கா இந்த விதி? 1025ஆம் ஆண்டு கடாரம் நோக்கிக் கப்பற்படை செலுத்திய நாட்டுக்கா இந்த விதி? பொருள் தேடிப் போனவனைத் தாங்கிய கடல், போர் தேடிப் போனவனைத் தாங்கிய கடல், அறிவு தேடிப் போனவனை மட்டும் தீட்டாக்குமோ?

ஆக்கிற்று என்றே நம்பினர். சான்று தொலைவில் இல்லை. நான் ஆசிரியப் பணியாற்றும் தேவனூர் நாடு, கொல்லிமலையில் இருக்கிறது. மலையடிவாரச் சமவெளியில் இருக்கிறது நாமக்கல். அவ்வூர் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் கணித மேதை இராமானுசன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தவரைக் கேம்பிரிட்ஜ் அழைத்தது. அவரோ தயங்கினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டி அழைத்தும் அசையாத வீடு, தாயாரின் கனவில் நாமகிரி வந்து வழிவிடச் சொன்ன பிறகே இசைந்தது என்பர். சாத்திரம் பூட்டிய கதவுக்குக் கனவிலே திறவுகோல் தேட வேண்டியிருந்தது!

ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்க, 1914 மார்ச் 17இல் அவர் கப்பலேறினார். குளிர் நாட்டில் தாமே சமைத்து உண்டார். உலகப் போர் மூண்டது, காய்கறியும் அரிதாயிற்று, உடல் நலிந்தது. மருத்துவமனைப் படுக்கையிலும் கணக்கு நின்றபாடில்லை. 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1919இல் நோயுடன் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26இல், 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். உலகம் போற்றிய அவருடைய இறுதிச் சடங்குக்குச் சனாதன உறவினர் பலர் வரவில்லை! கடல் கடந்தவராம், இராமேசுவரம் சென்று கழுவாய் தேடாதவராம்! நடக்கவும் வலுவற்று நோயில் கிடந்தவரிடம் தீர்த்த யாத்திரைக் கணக்குக் கேட்டது சாத்திரம்.

இன்னொரு மாணவரை எண்ணிப் பாருங்கள். பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த உதவியால் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். அங்கே அவர் உடன் பயில்வோருடன் உண்டார், உரையாடினார். தொட்டால் தீட்டு என்று ஒதுங்குவோர் இல்லை. தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே அயல்நாட்டு வாழ்க்கையில் அற்றுப்போயிற்று என்று பின்னாளில் எழுதினார்.

அந்த நினைவை மீண்டும் ஊட்டியது எது? தாய்நாடு! 1917இல் பரோடாவில் பணியேற்க வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்ற அறிஞர், பூங்கா மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டார்.

காந்தியாருக்கு ஓர் ஆறு இருந்தது, முழுகினார். சாதியாரில் ஒரு பகுதியினர் சேர்த்துக்கொண்டனர். அம்பேத்கர் எந்த ஆற்றில் முழுகுவது? கடல் கடந்த குற்றத்துக்குக் கழுவாய் வகுத்த நாடு, பிறந்த குற்றத்துக்கு எதை வகுத்தது? எனினும் அவர் அழுது ஓயவில்லை. 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அயல்நாடு அவருக்கு ஈந்தது பட்டம் மட்டுமன்று. இழிவு இயற்கையன்று, மனிதர் செய்தது. ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டறியும் வாய்ப்பையும் ஈந்தது.

மலைமக்களுக்கு இதில் இடமுண்டா என்று கேட்கலாம். உண்டு! சோட்டாநாகபுரியின் முண்டா பழங்குடிச் சிறுவன் ஜெய்பால் சிங், கிறித்தவப் பாதிரியாரின் துணையால் ஆக்ஸ்போர்டு சென்றார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் சென்ற இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. 1946இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, பழங்குடியினருக்கு நீங்கள் ஜனநாயகம் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தை முழங்கினார். ஆக்ஸ்போர்டு அவரைக் காட்டிலிருந்து பிரிக்கவில்லை. காட்டின் குரலைச் சபைக்குக் கொண்டுவரும் துணிவைத் தந்தது. ஜார்க்கண்ட் அரசு 2021இல் தொடங்கிய அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

வகுப்பில் இந்த வரலாற்றைச் சொன்ன நாளில், மிளகுத் தோட்டக் கூலியின் மகள் எழுந்து கேட்டாள்: "நம்ம மலையிலிருந்து யாரும் போகலையா சார்?" பழங்குடி மாணவர்க்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகைக்கு, இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 20 இடங்களே வகுக்கப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினரோ பத்துக் கோடிக்கும் மேல்! இப்போது சாத்திரம் தடுக்கவில்லை, எண்ணிக்கை தடுக்கிறது. அந்த உதவி இருக்கிறது என்ற செய்தியும் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இங்கே ஏறிவர நாளாகிறது.

இன்னொன்றும் அறிக. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2022இல் மத்திய அரசு வகுத்த விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்றன. 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் படித்தளித்த கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவின் சாதிகளைப் பற்றியது! அன்று இந்த விதி இருந்திருந்தால்?

அன்று, கடல் கடக்காதே என்றனர். பிறகு, கடந்து சென்று உன் நாட்டை ஆராயாதே என்றனர். இரண்டுக்கும் அச்சம் ஒன்றே: தொலைவில் நின்று பார்ப்பவன் கண்ணில் வீட்டின் விரிசல் பட்டுவிடும்! படட்டும். விரிசலைக் கண்டவனே வீட்டைத் திருத்துவான்.

தோழர்களே, உங்கள் ஊரில் பட்டப்படிப்பு முடிக்கும் ஒரு பிள்ளையேனும் இருப்பான். உதவித்தொகை விண்ணப்பத்தை அவன் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. என் வகுப்புப் பெண்ணுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "நம்ம மலையிலிருந்து நீ போவாய், அம்மா. போய்த் திரும்பி வந்து, கண்டதைச் சொல்."