நேரம் கிடைக்காத டச்சுக்காரர்

1988 ஜூன் 25. மியூனிக்கில் சோவியத் யூனியனை 2-0 என்று வீழ்த்தி நெதர்லாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. வான் பாஸ்டன், ரூட் குல்லிட், ஃபிராங்க் ரைகார்ட், ரொனால்ட் கூமன் என்று அந்த அணியில் எல்லாமே பெரிய பெயர்கள். ஃபோர்ட்டூனா சிட்டார்ட் கிளப்பின் பின்கள வீரர் விம் கோவர்மான்ஸும் அந்த அணியில் இருந்தார். தொடர் முடியும்வரை அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. நாட்டுக்காக அவர் ஆடியது மொத்தமே ஒரு ஆட்டம்தான்.

2012-இல் அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் அயர்லாந்து கால்பந்துச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். இங்கே தொழில்நுட்ப இயக்குநராக ராப் பான் என்ற இன்னொரு டச்சுக்காரர் ஏற்கெனவே வந்திருந்தார்.

முன்பு பயிற்சியாளராக இருந்த பாப் ஹௌட்டன் காலத்தில் நம் வீரர்கள் பழகியது, பின்னாலிருந்து பந்தை ஓங்கி முன்களத்துக்கு அனுப்பும் ஆட்டம். அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். 2011 ஆசியக் கோப்பை வரை நம்மைக் கொண்டுபோனது அதுதான். கோவர்மான்ஸ் கேட்டது வேறு. கோல்கீப்பர் பந்தைக் கையால் உருட்டிவிட வேண்டும். சென்டர் பேக் அதை வாங்கி, எதிராளி பாய்ந்து வந்தாலும் பதறாமல், தரையோடு பாஸ் கொடுக்க வேண்டும். சொல்ல எளிது. சொந்த கோலுக்கு இருபது அடி தூரத்தில் பந்து காலில் இருக்கும்போது அந்த நிதானம் வர, தினமும் ஒரே பத்துப் பேரோடு மாதக்கணக்கில் ஆடியிருக்க வேண்டும்.

தொடக்கம் பிரமாதம். 2012 செப்டம்பர் 2, டில்லியில் நேரு கோப்பை இறுதியாட்டம். கேமரூன் தன் முதல்தர வீரர்களை அனுப்பவில்லை என்பது உண்மை; ஆனாலும் கேமரூன் கேமரூன்தான். கௌரமாங்கி சிங் முதலில் கோல் போட்டார். பிறகு 1-2 என்று பின்தங்கினோம். 78-ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பெனால்டியில் சமன் செய்தார். ஷூட் அவுட்டில் நம்மவர்கள் ஐந்து பேரும் பந்தை வலைக்குள் அனுப்ப, 5-4 என்று கோப்பை நம் கைக்கு வந்தது.

அப்புறம் சரிவுதான். 2013 மார்ச்சில் மியான்மரிடம் தோற்று ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் காட்மாண்டுவில் தெற்காசிய நாடுகளின் சாஃப் கோப்பை இறுதியாட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் 0-2. 2014 ஆகஸ்டில், ஆசிய விளையாட்டுக்குத் தயாராக, பெங்களூரில் பாகிஸ்தானுடன் இரண்டு ஆட்டங்கள். 17-ஆம் தேதி ராபின் சிங் அடித்த கோலில் ஜெயித்தோம். 20-ஆம் தேதி 0-2 என்று தோற்றோம். அடுத்த மாதம் இஞ்சியோனில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் ஐந்து, ஜோர்டானிடம் இரண்டு. அக்டோபரில் கோவர்மான்ஸ் விடைபெற்றார்.

டச்சுக்காரரின் பாடம் நமக்கு ஒத்துவராது என்று அன்று பேசியவர்கள், அதே பெங்களூரை இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். 2013-இல் பிறந்த பெங்களூரு எஃப்சி, அசோக் நகர் மைதானத்தில் ஆடி, முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டத்தைத் தட்டியது. சேத்ரி அங்கே கேப்டன். ராபின் சிங்கும் அதே அணி. பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட், இங்கிலாந்துக் கிளப்புகளில் பின்கள வீரராக இருந்தவர். அவருக்கு வீரர்கள் தினமும் கிடைத்தார்கள். சாப்பாடு, தூக்கம், ஓட்டம் எல்லாம் அவர் கண்காணிப்பில். தேசிய அணிக்காரருக்கோ ஆட்டத்துக்கு முன் சில நாள் முகாம்தான். கோவர்மான்ஸின் தோல்வியை இந்த நாள்கணக்கோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

2016-இல் வெஸ்ட்வுட்டுக்குப் பின் வந்த ஆல்பர்ட் ரோகாவும் பழைய பின்கள வீரர்தான். அவர் தொழில் கற்றது பார்சிலோனாவில், ரைகார்டின் உதவியாளர் குழுவில். ஆம், மியூனிக்கில் கோவர்மான்ஸோடு இருந்த அதே ரைகார்ட். பின்னாளில் பார்சிலோனாவில் கூமனுக்கும் உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்தார் ரோகா. அவர் கையில்தான் பெங்களூரு, பந்தைப் பொறுமையாக வைத்து ஆடும் அணியாயிற்று. 2016 அக்டோபர் 19 இரவு, ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியில், நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணி கண்டீரவா மைதானத்துக்கு வந்தது. சேத்ரி இரண்டு, ஹுவானன் ஒன்று, 3-1. ஆசியக் கிளப் போட்டி ஒன்றின் இறுதிக்கு முதல்முறையாக ஒரு இந்திய அணி போனது.

தோஹாவில் நடந்த அந்த இறுதியாட்டம் அடுத்த வாரம்.