இருபதாயிரம் மாடுகளும் ஒரு புல்லுக் கணக்கும்

பாலில் தன்னிறைவு காண்போம் என்று இலங்கை அரசுகள் சொல்லத் தொடங்கிப் பல தசாப்தங்களாகிவிட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதன் பின்னர் இறக்குமதிப் பால்மா நமது அடுக்களைகளில் அசைக்கமுடியாத இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மீள்வதற்கென வகுக்கப்பட்டவற்றுள் ஆரவாரம் மிகுந்தது, சினைப்பட்ட நாகுகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த திட்டமாகும்.

2012இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதி தொடங்கிற்று. முதற்கட்ட மாடுகள் நுவரெலியா மாவட்டத்து அரச பண்ணைகளுக்குச் சென்றன. மலைநாட்டுக் குளிர் அவற்றுக்கு ஒத்துவரக்கூடியதே. அடுத்த கட்டத்துக்குத் தெரிவானது அம்பாந்தோட்டையின் ரிதியகம. அது வரண்ட வலயம். 25 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் பிரீசியன் பசு தீனைக் குறைத்துக்கொள்ளும், பால் வற்றும், சினைப்பிடிப்பும் தடுமாறும். சாஹிவால், சிந்தி ஆகியவற்றின் கலப்பினங்களே அத்தகைய நிலத்துக்கு உகந்தவை என்பது கால்நடைத்துறையினர் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

மூன்றாம் கட்டம் இன்னும் பெரியது. 20,000 மாடுகளைத் தனியார் பண்ணையாளருக்கு வழங்குவதென முடிவாயிற்று. 2017இல் ஏறத்தாழ 5,000 வந்தன. கடன்பட்டு வாங்கியவர்களின் தொழுவங்களில் மாடுகள் நோயுற்றன, மடிந்தன. 2019இல் அவுஸ்திரேலிய ஊடகங்கள் இதனை வெளிக்கொணர்ந்தன. நமது கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் குறைகளைச் சுட்டியது. எஞ்சிய 15,000 வரவேயில்லை. நோயுள்ள மாடுகளை அனுப்பினார்கள் என்றது ஒரு தரப்பு. பராமரிக்கத் தெரியவில்லை என்றது மறுதரப்பு.

அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலையன்று. அந்நாட்களில் பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகளில் மாடுகளின் எண்ணிக்கையும் எதிர்பார்க்கும் பாலின் லீற்றர் அளவும் தவறாது இருந்தன. நான் தேடிய புல்லுக் கணக்கைத்தான் காணவில்லை.

கணக்கு கடினமானதன்று. கறவைப் பசு நாளொன்றுக்குத் தன் உடல் நிறையில் பத்திலொரு பங்கு பசுந்தீன் உண்ணும். மாடொன்றுக்கு 40 கிலோ என்றாலும் 5,000 மாடுகளுக்கு நாளாந்தம் 200 தொன் வேண்டும். நமது பண்ணையாளர் விரும்பி நடும் கோ-3 புல் கோயம்புத்தூரிலிருந்து வந்த இனம். நன்கு நீர்பாய்ச்சி உரமிட்டு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றில் 300 தொன் அறுத்தாலும், ஒரு ஹெக்டேயர் 20 மாடுகளுக்கே காணும். மாடு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே அது வேரூன்றியிருக்க வேண்டும். தண்ணீர் வேறு.

இன்னொன்றும் உண்டு. சினையோடு வந்த நாகுகள் யாவும் சில மாதங்களுக்குள் கன்றீனும். திட்டமிட்ட பண்ணையில் கன்றீனுவதை ஆண்டு முழுவதற்கும் பரவவிடுவார்கள். ஒரு பகுதி பால் வற்றி ஓய்வெடுக்கையில் மறுபகுதி கறக்கும். இங்கோ மிருக வைத்தியர், கன்றுக்கொட்டில், பால் குளிரூட்டி எல்லாமே ஒரேயடியாகத் தேவைப்பட்டன. யாழ்ப்பாணத்துக் கொல்லையில் குழையும் பனையோலையும் தின்று இரண்டு லீற்றர் தரும் ஊர்ப்பசுவுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை என்பதும் உண்மைதான்.

2021, 2022இல் டொலர் அருகியபோது மக்கள் பால்மாப் பொதிக்காக வரிசையில் நின்றார்கள். அதே டொலர்த் தட்டுப்பாட்டாலும் 2021இன் இரசாயன உரத் தடையாலும் சோளமும் கிடைக்காமற்போய் மாட்டுத்தீவன விலை ஏறிற்று. பசும்புல் போதாமல் தீவன மூடையை நம்பியிருந்த தொழுவங்களில் கறவை குறைந்தது.