மூன்று குறுணி நெல்

பெரிய கோயிலுக்குப் போனா எல்லாரும் விமானத்தை அண்ணாந்து பாப்பாங்க. நான் கல்வெட்டுப் பக்கம் ஒதுங்கிடுவேன். அதிலொன்று, திருப்பதியம் பாட ராஜராஜன் நியமித்த 48 பிடாரர்களையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசித்த இருவரையும் பேர் பேராகச் சொல்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பல பெயர்கள் ‘சிவன்’ என்று முடிகின்றன, தீட்சைப் பெயர்கள்.

எனக்குப் பிடித்தது அதன்பின் வரும் ஏற்பாடு. பாடுகிறவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் பாடி அந்த நெல்லை வாங்கிக்கொள்ளலாம். அவருக்குப் பாட வராதா? தகுதியுள்ள வேறொருவரைப் பாடவைக்க வேண்டும். வாரிசுதான், ஆனா சும்மா கிடைக்காது!

சோழர்கள் போனபின் இந்தப் பாட்டைச் சுமந்ததில் மடங்களுக்குப் பெரிய பங்கு. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அவற்றுக்கும் காவிரி நெல்தான் சோறு. தருமபுரத்தில் தேவாரப் பாடசாலையும் உண்டு. தம்பிரான்கள் துறவிகள், பாடசாலையில் படித்துக் கோயிலுக்குப் போகும் ஓதுவாரோ பெரும்பாலும் குடும்பஸ்தர். சிக்கலே அங்கேதான்.

எங்க ஊர் ஓதுவார் தன் மகனைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. “திருப்பூர்ல வேலை பாக்குறான் தம்பி. என் சம்பளம் உங்களுக்குத் தெரியும்ல?” என்றார். கல்வெட்டைச் சொன்னேன்.

“மூணு குறுணின்னா எவ்வளவு?”

“குறுணிக்கு எட்டு நாழி. மொத்தம் 24 நாழி. தினமும்.”

விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தார். சாயரட்சைக்கு நேரமாச்சுன்னு எழுந்து போனார்.