பாடியவருக்கு எங்கே பரிசு?

1954 மார்ச் 21. பம்பாய் மெட்ரோ தியேட்டரில் முதல் ஃபிலிம்ஃபேர் விருது விழா. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் திரை விமர்சகர் கிளேர் மெண்டோன்சாவின் நினைவாக அப்போது அதற்கு 'கிளேர்' என்றே பெயர். மொத்தமே ஐந்து பரிசுகள். சிறந்த படம் 'தோ பீகா ஜமீன்', இயக்குநர் அதை எடுத்த பிமல் ராய், நடிகர் 'தாக்' படத்தின் திலீப் குமார். மீதி இரண்டையும் 'பைஜு பாவ்ரா' தட்டிச் சென்றது. மீனா குமாரி நடிகை, நௌஷாத் இசையமைப்பாளர். அந்தப் படமோ தான்சேனைப் பாடி ஜெயித்த ஒரு பாடகனின் கதை. படத்தில் பாடிய ரஃபிக்கும் லதாவுக்கும்தான் பட்டியலில் இடமில்லை!

மூன்று வருடம் யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. 1957இல் 'சோரி சோரி'க்காக சங்கர் - ஜெய்கிஷனுக்கு இசை விருது அறிவிக்கப்பட்டது. ஜெய்கிஷன் உற்சாகமாக லதா மங்கேஷ்கரிடம் போனார். படத்தில் அவர் பாடிய 'ரசிக் பல்மா'வை விழா மேடையில் பாடித் தரவேண்டும் என்றார். முடியாது என்றுவிட்டார் லதா. பரிசு இசையமைப்பாளருக்குத்தானே, பாடியவருக்கோ எழுதியவருக்கோ இல்லையே. அப்படியானால் குரலில்லாமல் மெட்டை மட்டும் வாசித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். நட்பு வேறு, நியாயம் வேறு. லதா இல்லாமல் படமே ஓடாது என்றிருந்த காலம் அது. சாதாரணப் பாடகி ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

அதே ஆண்டு, அதே ஃபிலிம்ஃபேருக்கு இன்னொரு மறுப்பும் வந்தது. மறுத்தவர் நம்மூர்ப் பெண். ஏவி.எம்.மின் 'வாழ்க்கை'யில் அறிமுகமான வைஜயந்திமாலா. 'தேவதாஸ்' சந்திரமுகிக்குத் துணை நடிகை விருது தந்தார்கள். நாயகி பார்வதிக்குச் சமமான வேடம், அதை எப்படித் துணை வேடம் என்பது என்று கேட்டு, வாங்க மறுத்துவிட்டார்.

விருதுக்காரர்கள் லதா சொன்னதைச் செவிமடுக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 1959இல் பின்னணிப் பாடலுக்கும் பாடலாசிரியருக்கும் தனிப் பரிசுகள் வந்தன. பாடலுக்கான முதல் பரிசு யாருக்கு என்று சொல்லவா வேண்டும்? 'மதுமதி'யின் 'ஆஜா ரே பர்தேசி'க்காக லதாவுக்கு. திரையில் அதற்கு வாயசைத்த வைஜயந்திமாலா அந்த ஆண்டின் சிறந்த நடிகை. ஆனால் 'மதுமதி'க்காக அல்ல, 'சாதனா'வுக்காக.

பிரச்சினை அத்தோடு தீரவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே பரிசுதான். மறு ஆண்டே முகேஷுக்குப் போனது, அப்புறம் ரஃபிக்கு. இரண்டு குரலையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்த விநோதம் 1968இல்தான் முடிந்தது. அந்த ஆண்டு மகேந்திர கபூருக்கு ஒன்று, ஆஷா போஸ்லேவுக்கு ஒன்று.

(தொடரும்)